மூணாவது பட்டன்

தாளப் பலகை எங்கள் காப்பகத்தில் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு மண்டையிடி. மாதத்தில் பாதி நாள் வருவதுதான். வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, எதிரில் நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் ஆகாது. ஆனால் புதுச் சாமானோடு கம்பெனிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது டீச்சர் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள முடியுமா? கைக்குட்டையை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் காப்பகம். மேலே தையல் பிரிவு. அம்மாக்கள் மேலே மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் கீழே எங்களிடம். எங்களிடம் என்றால் நானும் மயிலக்காவும். நான் டீச்சர் யமுனா. மயிலக்கா ஆயா. கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். நான் என்ன கத்தினாலும் "ஆகட்டும் அம்மணி" என்று ஒரே பதில் வரும். சண்டைக்குக்கூட ஒரு ஆள் வேண்டாமா? அந்த மகராசியோடு சண்டை போட முடியாது என்பதே எனக்குப் பாதித் தலைவலி.

பலகை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு மரத்தரை. துண்டு துண்டாகக் கோத்து ஹால் முழுக்கப் பரப்பினார்கள். அடியில் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தூக்கலாம். உள்ளே என்னவோ மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தது. பொருத்த வந்த இன்ஜினீயர் பையனுக்குப் பெயர் அஷ்ரஃப், கோயமுத்தூர் உக்கடத்துக்காரன். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், நான் கேட்காமலேயே விளக்க ஆரம்பித்துவிட்டான்.

"இது பாட்டுப் பெட்டி இல்லீங்க்கா. கொழந்தைங்க மேல உக்காந்தா ஒவ்வொண்ணோட மூளையும் என்ன வேகத்துல ஓடுதுன்னு கண்டுபுடிச்சுக்கும். அதே வேகத்துல கீழருந்து லேசா தட்டும். அந்தத் தாளத்தோட சேத்து நீங்க எதச் சொல்லிக் குடுத்தாலும் அப்படியே ஒட்டிக்கும்."

"புள்ளைங்க என்ன ஸ்டிக்கரா தம்பி, ஒட்டறதுக்கு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தானே தவிரக் கோபப்படவில்லை. தன் தம்பிக்கு இத்தனை வயதாகியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, அவன் குழந்தையாக இருந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் என்ற ஏக்கத்தில்தான் இந்த வேலையில் சேர்ந்தேன் என்றான். அதற்கு மேல் அந்தப் பையனை என்ன திட்டுவது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பலகை டொக் டொக் என்று தட்டியது. ஹால் முழுக்க, நாள் முழுக்க. என் மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பது போலிருந்தது. முதல் வாரம் நான் மயிலக்காவிடம் புலம்பாத நேரம் இல்லை. "இந்தச் சனியன எவன் கண்டுபுடிச்சானோ, என் தலையே வெடிக்குது" என்று அவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அப்புறம் எப்படியோ பழகிவிட்டது. சத்தம் காதிலேயே விழவில்லை. மனுஷனுக்கு எதுவும் பழகிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊரில் மற்ற இடங்களில் அந்தப் பலகை செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளை தமிழ் எழுத்து முழுவதும் ஒப்பித்தது. நான்கு வயதுப் பிள்ளை பேப்பர் தலைப்பை வாசித்தது. அம்மாக்கள் செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பெரிய பள்ளிக்கூடங்கள், பலகைச் சென்டரில் படித்த பிள்ளையா, இந்தப் பக்கம் வாருங்கள் என்று தனி வரிசை போட்டன. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த பெண்கள்கூடக் கண்ணில் தூக்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளை நம்மை மாதிரி மெஷினில் உட்கார வேண்டாம் என்ற நினைப்பு தரும் சிரிப்பு அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் காப்பகத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி அனுப்பும் கணக்கில் எங்கள் பிள்ளைகள்தான் கடைசி. அஷ்ரஃப் வந்து சோதித்தான். பலகை நன்றாகத் தட்டுவதாகத்தான் அவனுடைய கருவி காட்டியது. பாதிப் பிள்ளைகள் ஒடிசா, பீகார் என்று வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள், வீட்டில் ஒரு பாஷை இங்கே ஒரு பாஷை, அதனால் தாமதமாகலாம் என்று இழுத்தான். மேலிடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், 'தாளம் சேராத குழந்தைகள்' என்று. எனக்கு வந்ததே கோபம். பலகை சொல்லித் தராவிட்டால் போகட்டும், என் கை எங்கே போயிற்று என்று நானே தட்டிப் பாட ஆரம்பித்தேன். பாட்டும் நானே கட்டியதுதான்.

ஒண்ணு பட்டன் போட்டாச்சு,
ரெண்டு பட்டன் மாட்டியாச்சு,
மூணு பட்டன் எங்க போச்சு?

இத்தோடு நிறுத்திவிடுவேன். மூணாவது பட்டனை யார் கொண்டுபோனது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு காலியாக விடுவேன், அதற்குள் சொல்லியாக வேண்டும். முயல் கொண்டுபோச்சு என்பார்கள், காக்கா என்பார்கள். ஒடிசாக்காரப் பெண்ணின் மகள் லிப்ஸா என்று ஒரு வாயாடி, அவள் மட்டும் தினமும் "சூப்பர்வைசர்" என்பாள். மேலே அவள் அம்மா யாரிடம் திட்டு வாங்குகிறாள் என்று கீழே எங்களுக்குத் தெரிந்துவிடும். தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து ஹாலே இரண்டுபடும். மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார்கள். பத்து வரை எண்ண வருவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர், என் மகள் இதழினியை நான் சேர்த்திருந்தது மெயின் ரோட்டுச் சென்டரில். ஊரிலேயே பலகை நன்றாக வேலை செய்த இடம் அது. வீட்டுக்காரர் பூபதி, இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் ஆளாகப் போய் அவளுக்கு இடம் வாங்கினார். எந்த அம்மாவாவது வேறு மாதிரி செய்வாளா, சொல்லுங்கள். இதழினி நான்கு வயதில் வாய்ப்பாடு சொன்னாள். சென்டர் வாசலில் நின்று கேட்கும்போது எனக்குக் காலே தரையில் படாது.

அப்புறம் தீபாவளி வந்தது.

திருப்பூர் தீபாவளியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போனஸ் கையில் விழுந்ததும் ஊர் காலியாகிவிடும். மதுரைக்காரன் மதுரைக்கு, தேனிக்காரன் தேனிக்கு, ஒடிசாக்காரன் ரயிலேறி ஒடிசாவுக்கு. ஒரு வாரம், சில கம்பெனியில் பத்து நாள், ஒரு மெஷின் ஓடாது. கரண்டை அணைத்துவிட்டு வாட்ச்மேன்கூட ஊருக்குப் போய்விடுவார். பலகைகளையும் அணைத்துவிட்டார்கள். பலகை வந்ததிலிருந்து அது அத்தனை நாள் தட்டாமல் கிடந்தது அந்தத் தீபாவளிக்குத்தான். எங்கோ தூரத்தில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு இப்படி ஒரு ஊர் மொத்தமாகப் பூட்டிவிட்டுப் போகும் என்று எப்படித் தெரியும்?

நாங்கள் தாராபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். போய் இரண்டு நாள் இதழினி கொஞ்சம் மந்தமாக இருந்தாள். பட்டாசுச் சத்தம், புது இடம் என்று விட்டுவிட்டேன். தீபாவளியன்று என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தன் மகளைப் பாடவிட்டுக் காட்டினார். நான் சும்மா இருப்பேனா? இதழினியைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். நின்றாள். எழுத்தாவது சொல்லு கண்ணு என்றேன். நின்றாள். உன் பெயரென்ன என்று நங்கையா சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கும் நின்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சபையில் மானத்தை வாங்குகிறாளே என்ற ஆத்திரம். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது, நிறுத்துவது, தரையைப் பார்ப்பது, மறுபடி தட்டுவது. சிமெண்ட் தரை திருப்பித் தட்டுமா என்று காத்துக்கொண்டு நின்றாள் என் பிள்ளை. அதைப் புரிந்துகொண்டதும் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஊர் முழுக்க இதே கதை. எந்தச் சென்டர் முதலிடமோ அங்கேதான் பாதிப்பும் அதிகம். கற்றது மட்டும் போயிருந்தால் சரி, மறுபடி கற்கலாம். தண்ணீர் வேண்டும், பசிக்கிறது என்ற பேச்சுக்கூட நின்றுபோயிருந்தது. நாள் முழுக்கப் பலகை மேலேயே பேசிப் பழகிய பிள்ளைகள் அல்லவா. டாக்டரம்மா இதழினியைச் சோதித்துவிட்டு, மூளையில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொடுக்கத்தான் அந்தத் தாளம் தேவைப்படுகிறது என்றார். இந்த வயதில் பேச்சு நின்றால் நாள் கடத்தக் கூடாது என்றும் சொன்னார்.

பலகைக் கம்பெனி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. காலில் கட்டும் பட்டை. கொலுசு மாதிரி மெல்லிசாக இருந்தது. அதே தாளத்தைக் கூடவே தட்டிக்கொண்டு வரும். சென்டரைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி மூடிவிட்டு, வீட்டுக்கு ஒன்றாக அனுப்பினார்கள். பூபதி கையோடு அதைக் கட்டிவிட்டார். கட்டிய சிறிது நேரத்தில் இதழினி நிமிர்ந்து என்னைப் பார்த்து, அம்மா பசிக்குது என்றாள். நான் அழுதுகொண்டே ஊட்டினேன். அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசினாள். குளிக்க வைக்க அதைக் கழற்றப் போனபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதம்மா. கழட்டினா உள்ள எல்லாம் நின்னுபோகுது."

அந்த வார்த்தையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

பூபதி, போட்டே இருக்கட்டும் என்றார். கண்ணாடி போடாத பிள்ளைகளா, காதில் மெஷின் வைக்காத பிள்ளைகளா, இதுவும் அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொள்வோம் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அஷ்ரஃபுக்குப் போன் போட்டேன். அவன் பிடிகொடுக்காமல் என்னென்னவோ பேசினான். நான் விடவில்லை, நான் உன் கூடப் பிறந்தவளாக இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

பிறகு சொன்னான்: "கம்பெனி ஆளாக் கேட்டா கட்டுங்கன்னுதான் சொல்லணும். நீங்க கேக்கறதால சொல்றேன், கட்டாதீங்க்கா. கட்டக் கட்ட முடிச்சு இறுகிட்டேதான் போகும். அப்புறம் ஆயுசுக்கும் கழட்ட முடியாது."

பட்டையைக் கழற்றினேன். இதழினி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சுவரோரம் போய் உட்கார்ந்து குதிகாலைத் தட்ட ஆரம்பித்தாள். பூபதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசுகிற பிள்ளையை வேண்டுமென்றே ஊமையாக்கிவிட்டேன் என்று அவர் அம்மா போனில் என்னை ஏசினார். ஏசட்டும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏசியிருப்பேன். தப்பான முடிவாக இருந்தால் அதைச் சுமக்கப் போவது இதழினி, நான் அல்ல. அந்தப் பயம் சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட என்னோடு வந்து உட்கார்ந்தது.

வேறு போக்கிடம் இல்லாமல் அவளை என்னோடு காப்பகத்துக்கே கூட்டிப்போனேன். எங்கள் கம்பெனி பத்து நாள் லீவு விட்டிருந்ததால், ஊருக்குப் போன பிள்ளைகள் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார்கள். இவர்களும் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள் என்று பயந்துகொண்டே கையைத் தட்டினேன். ஒண்ணு பட்டன் போட்டாச்சு என்றதுதான் தாமதம், கூரை பறந்தது. லிப்ஸா ரயிலில் ஒடிசா போய், ரயிலில் திரும்பி வந்தவள். அவள் பாட்டையும் மறக்கவில்லை, சூப்பர்வைசரையும் மறக்கவில்லை. பத்து வரை எண்ணச் சொன்னேன், எண்ணினாள். அங்கே தன் மாமன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்ததாகப் பெருமை வேறு. நான் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுப் பார்த்தேன். தாளம் சேராத குழந்தைகளாம். ஒன்றுகூட எதையும் இழக்கவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதே பலகைதானே இங்கேயும் இருந்தது. அஷ்ரஃபை உடனே வரச் சொன்னேன். எல்லாச் சென்டரும் அவன் தலையில் விழுந்திருந்ததால் அவன் வருவதற்குப் பல நாள் ஆனது. அதற்குள் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சில நாள் இதழினி சுவரை விட்டு நகரவில்லை. மயிலக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார், மடியில் போட்டுக்கொள்வார், ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கேள்வி கேட்கிற வேலையை லிப்ஸா எடுத்துக்கொண்டாள். ஏன் பேச மாட்டேங்கிறாய், உனக்குப் பல் வலியா, என் பல்லைப் பார் என்று வாயைத் திறந்து காட்டுவாள். பதில் வராவிட்டாலும் அவளுக்குக் கவலை இல்லை. ஒருநாள் இதழினியின் இரண்டு கையையும் இழுத்துத் தன் கையோடு சேர்த்துத் தட்ட ஆரம்பித்தாள். இதழினி தப்பும் தவறுமாகத் தட்டினாள். பலகைத் தாளம் துல்லியமானது, லிப்ஸாவின் தாளம் முன்னே பின்னே ஓடுவது. இதழினி காத்துக்கொண்டிருந்த இடத்தில் தட்டு விழாது, காத்திருக்காத இடத்தில் விழும். லிப்ஸா இடுப்பில் கை வைத்து, "கவனம் எங்க இருக்குது உனக்கு?" என்று என்னை மாதிரியே அதட்டினாள். என் வாய் எவ்வளவு பொல்லாதது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

தினமும் இது நடந்தது. இதழினி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு வந்தாள். வட்டத்தில் உட்கார்ந்தாள். கை தட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நானும் அவளும் பேசாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம். பெட்டியில் இருந்த பட்டையை நான் எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. மேலே ஏதோ ஷிப்மெண்ட் அவசரம், மெஷின்கள் பேயாக ஓடிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போலப் பாடினேன். ஒண்ணு பட்டன், ரெண்டு பட்டன், மூணு பட்டன் எங்க போச்சு. வழக்கமாக அந்த இடத்தில் காது கிழியும். அன்றைக்கு லிப்ஸா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டாள். "இவ சொல்லட்டும்" என்று இதழினியைக் காட்டினாள். பிள்ளைகள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு அடங்கி உட்கார்ந்து நான் அவர்களைப் பார்த்ததே இல்லை.

நான் இரண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு தட்டினேன். இதழினி குதிகாலால் ஒருமுறை தரையைத் தட்டினாள். பிறகு காலை மடக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். என் கையையே பார்த்தாள்.

"அப்பா வெட்டிட்டாரு."

கட்டிங் மாஸ்டர் மகள் அல்லவா. முயலும் இல்லை, காக்காயும் இல்லை, அவள் அப்பா கத்திரியால் வெட்டிவிட்டாராம். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத பதில். அவளே யோசித்து, அவளே எடுத்து, அவளே வைத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஒரு வார்த்தை, மறுநாள் இரண்டு வார்த்தை. பூபதியிடம் அவளே போய், பட்டனை ஏன் வெட்டினீங்க என்று சண்டைக்கு நின்றாள். அவர் கத்திரிக்கோல் பிடிக்கிற கையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் கண்டும் காணாத மாதிரி விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் அஷ்ரஃப் வந்து சேர்ந்தான். பாதி ஆளாகியிருந்தான். இதழினி அவனிடம் போய்ப் பெயர் கேட்டதும் மண்டி போட்டுச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னேன். கருவியை வைத்துப் பார்த்தான், எல்லாம் சரி என்றுதான் காட்டியது. பிறகு குனிந்து வெறும் கையைப் பலகையில் வைத்தான். நெற்றி சுருங்கியது. கருவி உள்ளே ஓடுவதை மட்டும்தான் பார்க்கும், மேலே தட்டு மிகவும் லேசாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி வருகிறது என்றான். ஓரத்துப் பலகை ஒன்றைத் தூக்கினான்.

அடியில் பனியன் வேஸ்ட்.

கட்டிங்கில் விழும் துணித் துண்டுகள். எங்கள் ஊரில் வண்டி துடைக்க, தலையணை திணிக்க, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். நீலமும் மஞ்சளுமாக, வெளிநாட்டுக் குழந்தைகளின் உடுப்பில் மிச்சமான துண்டுகள், அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் சீராக, மெத்தை தைத்த மாதிரி திணித்து வைத்திருந்தது.

பலகையைத் தூக்கிக் கூட்டலாமே தவிர வேறு எதற்கும் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கை வைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், என்னை விட்டால் இங்கே மயிலக்காதான் என்பதால், நாந்தான் வெச்சேன் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்ற மயிலக்கா முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தானுங்க சாமி. டீச்சருக்குத் தலைவலி. இது தட்டத் தட்ட அவங்க துடிச்சுப்போறாங்க. எனக்கு மனசு கேக்கல. சத்தம் அடங்கட்டும்னு வெச்சேன். கெட்டுப்போகும்னு தெரியாதுங்க."

சத்தம் பழகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! நான் கத்தியதையெல்லாம் இந்த அம்மாள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார் என்றல்லவா நினைத்தேன். ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, முட்டி தேயத் தேய உட்கார்ந்து திணித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அஷ்ரஃப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நெடுநேரம் அந்தத் துணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கே சொல்லிக்கொள்வது மாதிரிதான் பேசினான்.

"நாங்க தாளத்த முழுசா குடுத்துட்டோம்கா. கொழந்தைங்க போடறதுக்கு எதையும் மிச்சம் வெக்கல. இங்க அது பாதிதான் மேல வந்துருக்கு. மீதிய அதுங்களே கை தட்டிப் போட்டுக்கிச்சு. அதுங்க போட்டது அதுங்ககிட்டயே இருக்கு."

பிறகு அவன் செய்த காரியத்துக்காக அவனை நான் கடைசி வரை வாழ்த்துவேன். துணியைப் பழையபடி அடியில் வைத்து, பலகையை அதன் மேல் பதமாகப் பொருத்தி, கையால் ஒருமுறை அழுத்திவிட்டான்.

அஷ்ரஃப் கம்பெனிக்கு எழுதியதில், இப்போது எல்லாச் சென்டரிலும் பலகையை மாற்றிவிட்டார்கள். முதலில் லேசாகத் தட்டும், போகப் போக அங்கங்கே தட்டு விடும், கடைசியில் நின்றுவிடும். நடுவில் டீச்சர்கள் கை தட்ட வேண்டும், பிள்ளைகளும் தட்ட வேண்டும். அதற்குக் கம்பெனி ஏதோ பெரிய பெயர் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் 'வேஸ்ட் போட்ட பலகை' என்றுதான் கேட்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி திரும்பிவிடவில்லை. இன்னும் பட்டையோடு நடக்கிற பிள்ளைகளை மார்க்கெட்டில் பார்க்கிறேன். ஆனால் பலர் வந்துவிட்டார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள். இதழினி ஒன்றாம் வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று புகார் வந்தது. அந்த டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கம்பெனிக்கு எழுதும்போது மயிலக்காவின் பெயரைப் போடுவதாக அஷ்ரஃப் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பேரு கீரு எல்லாம் வேண்டாமுங்க, பேரு போனா வேலையும் போயிரும் என்று கெஞ்சினார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால் எங்கேயும் அவர் பெயர் இல்லை. ஒருவராவது எழுதி வைக்க வேண்டாமா? அவர் பெயர் மயிலாத்தாள்.

போன தீபாவளிக்குப் பட்டுச் சேலை ஒன்று எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இதழினியும் வந்தாள். உங்களால்தான் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தாள் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சொல்ல ஆரம்பித்ததும் அவர் என்னை நிறுத்திவிட்டார். அன்றைக்கு நான் பழியை என் மேல் போட்டுக்கொள்ள வாயெடுத்ததைப் பார்த்தாராம். நான் கூட நின்றதால்தான் தன் வேலை தப்பியதாம். அதற்கு எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இத்தனை நாள் தவித்தாராம். சேலையை மடியில் வைத்துக்கொண்டு அவர்தான் எனக்கு நன்றி சொன்னார்.

இதழினி வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பட்டன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். போட்ட சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. மயிலக்கா எட்டி அவளைப் பார்த்துவிட்டு, கவலையோடு என் பக்கம் குனிந்தார்.

"புள்ளைங்கள கொஞ்சம் தள்ளிப் போய் வெளையாடச் சொல்லட்டுமா அம்மணி? உனக்குத் தலை வலிக்கப் போகுது."